நீரோட்டம் பார்ப்போரைக் கண்டித்த தலையங்கமும் அதற்கு வந்த கடிதங்களும்: செட்டிநாட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

செட்டிநாட்டுப் பகுதியில் சிறு அளவில் அச்சாகிவரும் ஐயவாத மாத இதழ் ஒன்று, கோடை தொடங்கும் முன்பாக, நீரோட்டம் பார்க்கும் வழக்கத்தைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியது. போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவதற்கு முன் வேப்பங்கவையையோ, வளைத்த செம்புக் கம்பியையோ, உள்ளங்கையில் கிடத்திய தேங்காயையோ கொண்டு நிலத்தில் நடந்து, இந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று முளையடித்துக் கொடுப்போரைப் பற்றியது அது. அந்த இதழின் எந்தத் தலையங்கத்துக்கும் அதுவரை வராத அளவுக்குக் கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை கோபமாக இருந்தன. அவற்றைப் படித்துப் பார்த்து, இதழ் இனிச் செய்யத்தக்கது என்ன என்று எழுதித் தரும்படி ஆசிரியர் குழு என்னைக் கேட்டுக்கொண்டது. நான் அதன் பணியில் இருப்பவன் அல்லன், நெடுநாள் சந்தாதாரன். கடிதம் எழுதியவர்களின் பெயரும் முகவரியும் இங்கே இடம்பெறவில்லை. அவரவர் நிலம் இருக்கும் திசையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சோதனைகளைப் பற்றித் தலையங்கம் சொன்னவை அனைத்தும் சரியானவை. ஆனால் காரைக்குடியில் ஒருவர் தம் கொல்லையில் கண்ணாரக் கண்ட தண்ணீருக்கு அது விளக்கம் எதையும் தரவில்லை. ஜெர்மனியில் என்ன நடந்தது என்று சொன்ன தலையங்கம், காரைக்குடி மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. வாசகர்களின் கோபத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

தலையங்கம் சொன்னது

அது முதன்மையாக எடுத்துக்கொண்டது 1987, 1988 ஆண்டுகளில் மியூனிக் அருகே நடந்த சோதனைகளை. ஜெர்மன் அரசின் நிதியுதவியோடு இயற்பியலாளர் ஹான்ஸ் டீட்டர் பெட்ஸ் தலைமையில் நடந்தவை அவை. ஏறத்தாழ 500 பேரை முதலில் பார்த்து, அவர்களில் தேறியவர்கள் என்று 43 பேரைப் பொறுக்கி எடுத்து, ஒரு களஞ்சியத்தின் மேல்தளத்தில் நடக்க விட்டார்கள். கீழ்த்தளத்தில் 10 மீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டில் தண்ணீர்க்குழாய் பொருத்திய வண்டியை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி நிறுத்தினார்கள். மேலே நடப்பவர் கீழே குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இப்படி 843 முறை பார்த்தார்கள். பெரும்பாலோருக்குத் திறன் எதுவும் தெரியவில்லை, ஆனால் மிகச் சிலரிடம் மெய்யான திறன் இருக்கிறது என்று அந்தக் குழு எழுதியது. அதே எண்களை அமெரிக்க அறிவியலாளர் ஜிம் என்ரைட் மறுபடியும் எடுத்துப் பார்த்தார். ஒரு சுற்றில் நன்றாகச் சொன்னவரே அடுத்த சுற்றில் தவறியதையும், சிறந்தவர் என்று கொண்டாடப்பட்டவர்கூட எப்போதும் கோட்டின் நடுப்பகுதியையே சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரைவிட ஒரு சில மில்லிமீட்டர்தான் மேம்பட்டிருந்தார் என்பதையும் அவர் காட்டினார். பெட்ஸ் குழு மறுத்து எழுதியது. என்ரைட் தம் முடிவில் நின்றார். 1999இல் ஸ்கெப்டிகல் இன்க்வைரர் இதழிலும் பொது வாசகர்களுக்காக அதை எழுதினார்.

அடுத்து 1990இல் காசெல் நகரில் ஜெர்மானிய ஐயவாத அமைப்பு நடத்திய சோதனை. அரை மீட்டர் ஆழத்தில் பிளாஸ்டிக் குழாய் புதைத்து, அதில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும்படி 30 பேரைக் கேட்டார்கள். தங்களால் முடியும் என்று முன்கூட்டியே உறுதியோடு சொன்னவர்கள் அவர்கள். முடிவு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கடைசிப் பத்தியில் தலையங்கம் நீரோட்டம் பார்ப்போரை ஏமாற்றுக்காரர்கள் என்றும், அவர்களுக்குக் காசு கொடுப்போரை ஏமாளிகள் என்றும் எழுதியது. நிலவியலாளரை அழையுங்கள் என்று ஒரே வரியில் முடித்தது. வந்த கடிதங்களில் மியூனிக்கைப் பற்றியோ காசெலைப் பற்றியோ பேசியவை மிகக் குறைவு. ஏறக்குறைய எல்லாமே அந்தக் கடைசிப் பத்திக்கு எழுதப்பட்ட மறுமொழிகள்.

கடிதங்கள்

ஊர்ப் பெரியவர்களின் கடிதங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. எங்கள் அப்பச்சி காலத்தில் வீடு கட்டும்போது இன்னார் வந்து பார்த்துச் சொன்னார், தோண்டினோம், இன்றுவரை வற்றவில்லை என்பதுதான் அவற்றின் சாரம். ஒருவர் முப்பது ஆண்டுகளாக இறைக்கும் கிணற்றின் படத்தையே இணைத்திருந்தார். இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. கிணறு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பார்த்துச் சொன்னவரும் இருந்தார். இம்மூன்றையும் ஏற்றுக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

மரபைச் சுட்டி வந்தவற்றில் ஒன்று கவனத்துக்கு உரியது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர், பிருகத் சம்ஹிதை என்ற வடமொழி நூலில் நிலத்தடி நீரை அறிவதற்கென்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார், அதையும் மூடநம்பிக்கை என்பீர்களா என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். நேர்மையான கேள்வி. வராகமிகிரர் அங்கே சொல்பவை பெரும்பாலும் மரங்களும், கரையான் புற்றுகளும், மண்ணின் நிறமும், பாறையின் தன்மையும் ஆகும். இந்த மரத்துக்கு இத்திசையில் புற்று இருந்தால் இத்தனை ஆள் ஆழத்தில் நீர் என்பது போன்ற குறிப்புகள். அவற்றில் எத்தனை சரி, எத்தனை தவறு என்பது வேறு செய்தி. ஆனால் அவை கண்ணால் பார்க்கத்தக்க, இன்னொருவர் போய்ச் சரிபார்க்கத்தக்க அடையாளங்கள். கையில் குச்சி தானே வளைவது அந்த வகையைச் சேர்ந்ததன்று. இரண்டையும் ஒரே கூடையில் போட்டது கடிதம் எழுதியவரின் பிழை. அப்படி ஒரு மரபு இருக்கிறது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டது தலையங்கத்தின் குறை. ஐரோப்பாவிலும், 1556இல் வெளிவந்த தம் சுரங்க நூலில் கவைக்குச்சிக்காரரின் படத்தைப் போட்ட அக்ரிகோலா, தேர்ந்த சுரங்கத் தொழிலாளி குச்சியை நம்பாமல் நிலத்தின் இயற்கையான குறிகளைப் பார்க்க வேண்டும் என்றே எழுதினார்.

ஆதரித்து வந்த கடிதங்கள் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவை ஒருவர் எடுத்துக்காட்டிவிட்டு, சிக்ரி போன்ற ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்கும் ஊரில் இப்படிப்பட்ட மூடர்கள் இருப்பது வெட்கம் என்று முடித்திருந்தார். சிக்ரி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அது அங்கே இருப்பதால் தம் வீட்டுக்கொல்லையில் எங்கே தண்ணீர் இருக்கும் என்று எவருக்கும் தெரிந்துவிடாது. அந்தக் கடிதத்தில் ஏளனத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அத்தகைய கடிதங்களைத் தன் பக்கத்துக்குக் கிடைத்த வலிமை என்று இதழ் எண்ணினால் அது பெரிய இழப்பு.

பாறைநிலப் பக்கம், சிங்கம்புணரிக்கு அப்பாலிருந்து ஒரு விவசாயி எழுதியது வேறு விதமானது. முதல் போருக்கு நீரோட்டம் பார்ப்பவரை அழைத்தார், புழுதிதான் வந்தது. இரண்டாவதற்குக் கருவி வைத்துப் பார்ப்பவரை அழைத்தார். அதிலும் புழுதிதான் வந்தது. போர் போடும் திருச்செங்கோட்டு வண்டிக்கு இரண்டு முறையும் அடிக்கணக்கில் பணம் கொடுத்துக் கடனாளியானார். “உங்கள் அறிவியல் என்னையும் கைவிட்டது, குச்சிக்காரரை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?” என்பது அவர் கேள்வி. இந்தக் கேள்விக்கு இதழ் கடன்பட்டிருக்கிறது.

நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரே எழுதிய கடிதமும் வந்தது. அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதியது. கோபம் அதில் குறைவு, வருத்தம் மிகுதி. “ஐயா, நான் யாரையும் ஏமாற்றவில்லை. தேங்காய், பழம், வெற்றிலையோடு கொடுப்பதை வாங்கிக்கொள்கிறேன், கேட்டு வாங்குவதில்லை. குச்சியை நான் அசைப்பதில்லை. இழுக்கும்போது கையில் தோல் உரிகிற அளவுக்கு இழுக்கிறது. வேண்டுமானால் என் உள்ளங்கையை வந்து பாருங்கள்.”

எல்லாக் கடிதங்களிலும் சிறந்தது ஓர் ஆச்சி எழுதியது. ஒரு பக்கம்கூட நிறையவில்லை. “தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். குச்சி வேண்டாம் என்கிறீர்கள், சரி, வேண்டாம். வண்டி நாளைக்கு வருகிறது. பின்கட்டிலே இறக்கச் சொல்லவா, தோட்டத்திலே இறக்கச் சொல்லவா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.”

மண் சொல்லும் விடை

கடிதங்களை நிலத்தின் திசைப்படி பிரித்து வைத்தபோதுதான் வழி தெரிந்தது. நீரோட்டம் பார்ப்பவரை உயர்த்திப் பேசிய கடிதங்கள் காரைக்குடி, சாக்கோட்டை, தேவகோட்டைப் பக்கமிருந்தே மிகுதியாக வந்தன. குறைப்பட்டுக்கொண்டவையும் இரண்டும் கலந்து பேசியவையும் திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கமிருந்து வந்தன. கைக்கு வந்த சில கடிதங்களை வைத்து இதை ஓர் ஆய்வு முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆயினும் இந்தப் பிரிவு நிலவியல் வரைபடத்தில் உள்ள பிரிவோடு ஒத்துப்போகிறது.

சிவகங்கை மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடும்பாறை நிலம். பிள்ளையார்பட்டிக் குன்றையோ, சற்று வடக்கே திருமயம் கோட்டை நிற்கும் பாறையையோ பார்த்தவர்களுக்கு அது தெரியும். கிழக்கே போகப் போகப் பாறை ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது; அதன்மேல் மணலும் மணற்கல்லும் களியும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன; மேலே செம்புறாங்கல் மூடியிருக்கிறது. இந்தப் பகுதியின் பழைய மதில்களிலும் ஊருணிக் கரைகளிலும் நாம் பார்க்கும் துளைகள் நிறைந்த செங்கல் நிறக் கல் அதுதான். காரைக்குடிக்குச் சுவையான நீர் தரும் சம்பை ஊற்று, இந்தப் படிவுநிலத்தின் கொடை.

படிவுநிலத்தில் நீர், குழாய்போல ஒரு கோட்டில் ஓடுவதில்லை. மணல்மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகளை நிறைத்துக்கொண்டு, பரந்த அடுக்காக நிற்கிறது, மெல்ல நகர்கிறது. பின்கட்டில் இருக்கும் அதே மணலடுக்கு தோட்டத்துக்கு அடியிலும் இருக்கிறது, அடுத்த வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது. அங்கே முளை எங்கே அடித்தாலும், உரிய ஆழம்வரை போனால், பெரும்பாலும் தண்ணீர் வரும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: பல இடங்களில் நிலத்தடி நீர் எங்கும் பரவிக் கிடப்பதால், கிணறு தோண்டித் தண்ணீர் காணாமல் இருப்பதுதான் கடினம். கவைக்குச்சியின் வரலாற்றைப் பற்றி அந்த நிறுவனம் 1917ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கை வெளியிட்டு, இதற்குமேல் இதைச் சோதிப்பது பொதுப்பணத்தை வீணாக்குவதாகும் என்று எழுதிவிட்டது.

எனவே முப்பது ஆண்டுகளாக வற்றாத கிணற்றின் படத்தை அனுப்பிய பெரியவருக்கு இதழ் சொல்லியிருக்க வேண்டியது, உங்கள் கிணற்றில் தண்ணீர் வந்தது மெய், அது உங்கள் மண்ணின் பெருமை என்பதுதான். முளையைப் பத்தடி தள்ளி அடித்திருந்தால் வந்திருக்காதா என்ற கேள்வியை அவர் ஒருபோதும் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார். கேட்பதற்கு வாய்ப்பும் இருந்திருக்காது. பத்தடி தள்ளி இன்னொரு போர் யாரும் போடுவதில்லை.

பாறைநிலத்தின் கதை வேறு. அங்கே மேலே சிதைந்த பாறை கொஞ்சம், கீழே திண்ணிய பாறை. நீர் இருப்பது பாறையின் வெடிப்புகளில். ஒரு வெடிப்பில் பட்டால் ஒன்றரை அங்குலத் தண்ணீர், பத்தடி தள்ளினால் வெறும் புழுதி. இங்கேதான் இடம் குறிப்பது மெய்யாகவே பயன்பட வேண்டிய வேலை. குச்சிக்குத் திறன் இருந்தால் அது வெளிப்பட வேண்டிய இடமும் இதுவே. கைவிட்ட கதைகள் அங்கிருந்து வந்திருப்பதை நீரோட்டம் பார்ப்போரின் பக்கம் நிற்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு செய்தியைக் கடிதங்களிலிருந்தே எடுத்துக்காட்ட முடியும். நூற்றிருபது அடியில் தண்ணீர் என்று சொன்னார், வந்தது என்று எழுதிய ஒருவர், அடுத்த வரியிலேயே மோட்டாரை இருநூற்றறுபது அடியில் இறக்கியிருப்பதாகச் சொல்கிறார். வண்டி நிற்கும்போது நடப்பது இதுதான். சொன்ன ஆழம் வந்துவிட்டது, கம்ப்ரசர் புழுதியைக் கக்குகிறது; இன்னும் இருபதடி போங்கள் என்கிறார்கள்; பிறகு இன்னும் இருபது; கடைசியில் ஈரம் தெரிகிறது. எந்த ஆழத்தில் நிறுத்தினால் தோல்வி என்று முன்கூட்டியே எவரும் சொல்லாததால், தோல்வி என்ற ஒன்று அங்கே நிகழ இடமே இல்லாமல் போகிறது. மாதங்கள் கழித்துக் கேட்டால், பார்த்துச் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்தது என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. நம் எல்லோருடைய நினைவும் இப்படித்தான் இயங்குகிறது.

கருவியைப் பற்றித் தலையங்கம் சொல்லாமல் விட்டதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் கடனாளியான விவசாயிக்கு உரிய விடை அதில் இருக்கிறது. மின்தடை முறையில் நான்கு இரும்பு முளைகளை ஒரே கோட்டில் நிலத்தில் அடிப்பார்கள். வெளிமுளைகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள்முளைகள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். வெளிமுளைகளை விலக்கிக்கொண்டே போனால் மேலும் மேலும் ஆழத்திலுள்ள அடுக்குகளின் தடை தெரியவரும். திண்ணிய பாறைக்குத் தடை மிகுதி. நீர் நிறைந்த வெடிப்புப் பாறைக்குத் தடை குறைவு. ஆனால் ஈரக்களிக்கும் தடை குறைவு, உப்புநீருக்கும் குறைவு. ஆகவே தடை குறைந்த இடத்தில் நல்ல தண்ணீர் இருந்தே தீரும் என்று எந்த நிலவியலாளரும் சத்தியம் செய்ய முடியாது. வாய்ப்பைக் கூட்டித் தருவதுதான் அந்தக் கருவியின் வேலை. அந்த விவசாயியைக் கைவிட்டது அந்த வாய்ப்பின் மறுபாதி. அதைத் தலையங்கம் முன்கூட்டியே சொல்லியிருந்தால், நிலவியலாளரைக் குச்சிக்காரருக்கு மாற்றாக வந்த இன்னொரு குறிசொல்பவராக அவர் நினைத்திருக்க மாட்டார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒன்று எங்கே எப்படித் தவறும் என்று சொல்ல முடிவதும் மற்றொன்று அதைச் சொல்ல முடியாததும்தான்.

கை தானாக இழுக்கிறது என்பது

நீரோட்டம் பார்ப்பவரின் கடிதத்துக்கு வருகிறேன். குச்சியை நான் அசைக்கவில்லை என்று அவர் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன். இப்படி நம்புவதற்கு 170 ஆண்டுகளுக்கும் மேலான அறிவியல் அடிப்படை இருக்கிறது.

1853இல் இங்கிலாந்தில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைகளை அதன்மேல் வைத்தால் மேசை தானாகச் சுழலும் என்ற பழக்கம் வீடுதோறும் பரவியிருந்தது. ஆவி என்றார்கள், மின்சாரம் என்றார்கள். மைக்கேல் ஃபாரடே அதைச் சோதிக்க எடுத்துக்கொண்டவர்கள் நேர்மைக்குப் பெயர்பெற்றவர்கள். மேசையைத் தாங்கள் தள்ளவில்லை என்று உறுதியாக நம்பியவர்கள். கைக்கும் மேசைக்கும் இடையே அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே எளிதில் இளகும் பசையுருண்டைகளை வைத்தார். மேசை தானாக நகர்ந்து கையை இழுத்தால் கீழட்டை முன்னே போயிருக்க வேண்டும். கை தள்ளினால் மேலட்டை முன்னே போயிருக்க வேண்டும். மேலட்டைதான் முன்னே போயிருந்தது. பிறகு, கை பக்கவாட்டில் தள்ளினால் உடனே சாய்ந்து காட்டும் ஒரு நெம்புமுள்ளைப் பொருத்தி அதை அவர்கள் கண்ணெதிரே வைத்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவரை மேசை அசையவே இல்லை. முள்ளை மறைத்ததும் மறுபடி அசைந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் தள்ளுவதை அவர்கள் அறியவில்லை. எதிர்பார்ப்பே தசையை இயக்கிவிடும் என்ற இந்த உண்மையை உடலியலாளர் வில்லியம் கார்ப்பென்டர் அதற்கு முந்திய ஆண்டிலேயே விளக்கியிருந்தார்.

கவைக்குச்சியின் இரு கிளைகளையும் வெளிப்புறமாக விரித்து இறுக்கிப் பிடிக்கும்போது அது நாணேற்றிய வில்லின் நிலைக்கு வந்துவிடுகிறது. மணிக்கட்டு ஒரு நூலளவு திரும்பினாலும் நுனி விருட்டென்று கீழே பாய்ந்துவிடும், அந்த விசையில் உள்ளங்கைத் தோல் உரிவதும் நடக்கும். பல ஆண்டுகள் நிலத்தைப் பார்த்துப் பழகியவரின் கண், புல்லின் பசுமையையும் தாழ்வான நிலத்தையும் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றையும் தன்னையறியாமல் குறித்துக்கொள்ளவும் கூடும். அப்படி இருந்தால் குச்சியைவிட அந்தக் கண்ணுக்கே மதிப்பு.

ஃபாரடே இந்தச் சோதனையை ஏன் செய்தார் என்பதும் நம் இதழுக்கு உரிய செய்தி. தமக்கு ஐயம் இருந்ததனால் செய்யவில்லை, தம் கருத்தைக் கேட்டு ஓயாமல் விசாரணைகள் வந்ததாலும் தம் பெயரில் தவறான செய்திகள் உலவியதாலும், எல்லோருக்கும் ஒரே விடையாகச் சொல்லவே செய்தேன் என்று அவர் டைம்ஸ் நாளேட்டுக்கு எழுதினார். எழுதிக் கேட்டவர்களுக்கு அவர் மறுமொழியாகக் கொடுத்தது ஒரு சோதனை. எவரையும் ஏமாற்றுக்காரர் என்று அவர் சொல்ல வேண்டிய தேவையே அதில் எழவில்லை.

இதழுக்கு நான் எழுதித் தந்தது

ஏமாற்றுக்காரர் என்ற சொல்லைத் திரும்பப் பெற வேண்டும், சோதனைகளைப் பற்றி எழுதியதில் ஒரு வரியையும் மாற்றக் கூடாது என்பது என் முதல் பரிந்துரை. குழுவில் சிலர் இதைப் பின்வாங்கல் என்றார்கள். நான் உடன்படவில்லை. அந்தச் சொல்லுக்கு நம்மிடம் சான்று இல்லை. சான்று இல்லாததைச் சொல்லக் கூடாது என்பதுதான் இப்படி ஓர் இதழ் நடப்பதற்கே காரணம். 1920களில் காரைக்குடியிலிருந்து வெளிவந்த ஊழியன், குமரன் ஆகிய இதழ்கள் தீய வழக்கங்களை எதிர்த்து எழுதிய மண் இது. கடுமையாக எழுதத் தயங்க வேண்டியதில்லை. கடுமை எங்கே சான்றைத் தாண்டிப் போகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

ஆச்சியின் கேள்விக்கு அடுத்த இதழில் தனியே விடை வெளியானது. படிவுநிலப் பகுதியில் இடத்தைவிட ஆழமும், மண் சரியாமல் காக்கும் கேசிங் குழாயை எதுவரை இறக்குவது என்பதும், கழிவுத்தொட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுமே முதன்மை. அக்கம்பக்கத்துப் போர்களின் ஆழத்தையும் நீரின் சுவையையும் கேட்டுக்கொண்டு, வண்டி வந்துபோக வசதியான, கழிவுத்தொட்டிக்குத் தூரமான மூலையில் இறக்கச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். பாறைநிலத்து விவசாயிகளுக்கு, வேளாண்மைப் பொறியியல் துறையின் மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் குறைந்த கட்டணத்தில் மின்தடை முறையில் பார்த்துத் தருவார்கள் என்பதும், அதுவும் உறுதிமொழி அல்ல என்பதும் சேர்த்து எழுதப்பட்டது. நீரோட்டம் பார்ப்பவருக்குக் கொடுப்பது சிறு தொகைதானே, போனால் போகட்டும் என்று எழுதியவர்களுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அந்தத் தொகை இழப்பன்று. குறித்துக் கொடுத்த இடம் கழிவுத்தொட்டியை ஒட்டியிருந்தாலும் அங்கேயே போடுவதும், புழுதி வந்த பிறகும் அவர் சொன்னாரே என்று நூறடி கூடுதலாக இறக்குவதும்தான் இழப்பு.

நீரோட்டம் பார்ப்பவரைச் சோதனைக்கு அழைப்பது பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நல்ல கடிதம் எழுதியிருந்தார். காசெலில் செய்தது போலக் குழாய் புதைத்து, காசு சுண்டிப் பார்த்து வால்வைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்து, 20 முறை கேட்கலாம் என்றார். வெறும் ஊகத்தில் பத்தளவு சரியாக வரும். பதினைந்தோ அதற்கு மேலோ சரியாக வருவது நூற்றில் இரண்டு தடவைதான் நேரும். வால்வைத் திறப்பவரும் உடன் நிற்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும், தேர்ச்சி எண்ணை முன்கூட்டியே இருதரப்பும் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பதையும் அவரே சேர்த்திருந்தார். இதை அறிந்த நீரோட்டம் பார்ப்பவர், குழாய்த் தண்ணீர் வேறு, பூமித் தண்ணீர் வேறு, குழாய்க்குக் கை வராது என்று மறுத்தார். இந்த மறுப்பைச் சாக்கு என்று தள்ளிவிடாமல் குழு ஏற்றுக்கொண்டது சரியானது. அவருக்கு நேர்மையாகப் படுவதையே சோதிக்க வேண்டும். இப்போது பேசப்படுவது இது: ஒரே வயலில், ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காதபடி, இரண்டு பேர் தனித்தனியே இடம் குறிப்பது, ஒவ்வொருவர் குறித்த இடத்தையும் வரைபடத்தில் பதிந்துவிட்டு முளையைப் பிடுங்கிவிடுவது. தண்ணீர் ஒரு கோட்டில் ஓடுவது மெய்யானால் இருவர் குறித்த இடங்களும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். போர் போடும் செலவு இதில் இல்லை. அவர் சம்மதித்திருக்கிறார், இரண்டாமவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, வாசகர்களின் அனுபவத்தை எண்ணிக்கையாக்குவது பற்றி. கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கட்டத்தை நிரப்பின: பார்த்துப் போட்டோம், தண்ணீர் வந்தது. பார்த்துப் போட்டும் வராதவை, பார்க்காமல் போட்டும் வந்தவை, பார்க்காமல் போட்டு வராதவை ஆகிய மூன்று கட்டங்களும் ஏறக்குறையக் காலி. அவற்றை நிரப்பாமல் இந்த வழக்கத்தைப் பற்றி இந்தப் பகுதிக்குரிய எந்த முடிவுக்கும் வர முடியாது. வாசகர்களுக்குப் படிவம் அனுப்பலாம் என்பது குழுவின் எண்ணமாக இருந்தது, நான் தடுத்தேன். வெற்றி பெற்றவர்தான் படிவத்தை நிரப்பி அனுப்புவார். மண்மூடிப் போன போருக்குக் கடிதம் எழுத எவருக்கும் மனம் வராது. ஆனால் போர்வண்டி ஏஜெண்டுகளிடம் கணக்கு நோட்டு இருக்கிறது. எந்த ஊர், எத்தனை அடி, எத்தனை அடி கேசிங், எந்த அடியில் தண்ணீர் தட்டியது என்பதெல்லாம் பணம் வாங்குவதற்காகவே அதில் எழுதப்படுகிறது. தண்ணீர் வராத போருக்கும் அடிக்கணக்கில் பணம் உண்டு என்பதால் அதுவும் விடுபடாமல் இருக்கும். இடம் குறித்துக் கொடுத்தது யார் என்ற ஒரு பத்தியை மட்டும் இனி அதில் சேர்த்து எழுத வேண்டும். காரைக்குடிப் பக்கத்து ஏஜெண்ட் ஒருவர் அதற்கு இசைந்திருக்கிறார். திருப்பத்தூர்ப் பக்கம் ஒருவரையாவது இசைய வைக்காமல் இந்தக் கணக்கைத் தொடங்கக் கூடாது என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன்.